காற்று கொஞ்சம் அதிகம்

எங்கள் வீட்டில் தீ என் பொறுப்பு, மாவு என் கணவரின் பொறுப்பு. கல்யாணமான புதிதில் இதைக் கேட்டவர்கள் எல்லாம் சிரித்தார்கள். இப்போதும் சிரிக்கிறார்கள். ஆனால் எங்கள் இடியாப்பத்தை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்கிறார்கள், அதனால் எனக்கு வருத்தமில்லை.

நான் கல்யாணத்துக்கு முன்பு ஒரு கையுறைத் தொழிற்சாலையில் பாய்லர் அறையில் வேலை பார்த்தவள். பரீட்சை எழுதி, சான்றிதழ் வாங்கி, ஆண்கள் மட்டுமே இருந்த அறையில் எனக்கென்று ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டவள். பெண் பார்க்க வந்தபோது என் கணவர் கேட்ட ஒரே கேள்வி, "ஸ்டீம்ல அவிச்சா இடியாப்பம் காஞ்சு போகுமா?" என்பதுதான். "ஈர ஸ்டீம்னா காயாது" என்றேன். அந்த நிமிடமே என்மேல் காதல் வந்துவிட்டது என்று இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறார். எனக்கு அவ்வளவு சீக்கிரம் வரவில்லை. பாய்லர் வாங்கிக் கொடுத்த பிறகுதான் வந்தது.

மலேசியாவில், கிள்ளானில் ஒரு சின்னத் தொழிற்பேட்டையில் எங்கள் இடம். கீழே மாவு பிசைவதும் பிழிவதும் அவிப்பதும், மேலே நாங்கள் குடியிருப்பதும். பின்பக்கத்துத் தனிக் கொட்டகையில் பாய்லர். பார்க்கப் பெரிய எண்ணெய் டின்னைப் படுக்க வைத்த மாதிரி இருக்கும். அதை யாரும் காதலிக்க முடியாது. நான் காதலித்தது அதன் முன்னால் மாட்டியிருக்கும் பர்னரை.

பர்னர் டீசலை உறிஞ்சி, நாசில் என்கிற ஊசித்துளை வழியாகப் பனி மாதிரித் தூவும். விசிறி காற்றை ஊதும். இரண்டு கம்பிகளுக்கு நடுவே பொறி பறக்கும், தீ பிடித்துக்கொள்ளும். பிடித்த தீயைப் பார்த்துக்கொண்டே இருக்க ஒரு கண் உண்டு. கட்டைவிரல் அளவு குழாயில் ஒரு கண்ணாடிக் குமிழ், அவ்வளவுதான். அது தீயைப் பார்க்கிறவரைக்கும் டீசல் வரும். பார்க்கவில்லை என்றால் சில நொடிகளில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுச் சிவப்பு விளக்கைப் போட்டுவிடும்.

இதில் என் வேலை காற்றையும் எண்ணெயையும் சண்டை போடாமல் வைத்திருப்பது. காற்று குறைந்தால் தீ செம்மஞ்சளாக, சோம்பலாக, நுனியில் கரியோடு ஆடும். புகைபோக்கியில் கறுப்பாகப் போகும், பக்கத்துத் தொழிற்கூடத்துக்காரர் கரி படிந்த சட்டையைக் காட்டிக்கொண்டு வந்துவிடுவார். காற்று அதிகமானால் தீ வெளுத்து, நுனி பிய்ந்து, நாசிலைவிட்டு ஓடப் பார்க்கும். காற்றுக் கதவின் திருகை நெல்லளவு திருப்ப வேண்டும், பார்க்க வேண்டும், மறுபடி நெல்லளவு. பிறகு ஒரு கைப்பம்பால் புகையை வெள்ளைக் காகிதத்தின் வழியாக இழுத்துப் பார்ப்பேன். காகிதத்தில் கறுப்பு வட்டம் விழக்கூடாது. விழுந்தும் விழாததுமாக ஒரு நிழல் விழுந்தால், அன்றைக்கு எனக்கு நல்ல நாள். அந்தக் காகிதத்தை எடுத்துப்போய்க் கணவரிடம் காட்டுவேன். அவரும் மாவுக் கையோடு, பிள்ளை வாங்கிவந்த மார்க்கைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்.

எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். கொஞ்சம் என்பது நான் சொல்கிற அளவு. நான் சத்தம் போட ஆரம்பித்தால் என் நாத்தனார், என் கணவரின் ஒரே தங்கை, மாடிப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "அண்ணி, காத்து கொஞ்சம் அதிகம்" என்பாள். எனக்குச் சிரிப்பு வந்துவிடும். அப்படி அது எங்கள் வீட்டுச் சொல்லாகிவிட்டது. யார் குதித்தாலும், காற்று அதிகம்.

அவளைப் பற்றித்தான் இதைச் சொல்ல வந்தேன்.

நான் இந்த வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளில் அவளுக்கு நிச்சயதார்த்தம் நடந்தது. குத்துவிளக்கை அவள்தான் ஏற்றினாள். ஏற்றிவிட்டு நிமிர்வதற்குள் விளக்கு அணைந்துவிட்டது. ரவாங்கிலிருந்து வந்திருந்த பெரியம்மா, மாமியாரின் அக்கா, நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு "ஐயோ, அபசகுனம்" என்றார். மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் அவருடைய மெதுவாக என்பது கடைசி வரிசைவரை கேட்கும். மாப்பிள்ளை வீட்டார் மரியாதையாகச் சாப்பிட்டுவிட்டு, மரியாதையாகப் போய், பிறகு மரியாதையாகப் போன் செய்து வேண்டாம் என்றுவிட்டார்கள்.

சுவரோரத்தில் நின்ற விசிறி நேராக விளக்கைப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தது. எண்ணெய் இருந்தது, திரி இருந்தது, காற்று அதிகம். நான் அன்றைக்கே சொன்னேன். புது மருமகள் சொல்வதை யார் கேட்டார்கள்?

அதற்குப் பிறகு அவள் விளக்கு ஏற்றுவதில்லை. வெள்ளிக்கிழமை பூஜையறையைத் துடைப்பாள், திரி போடுவாள், எண்ணெய் ஊற்றுவாள். பிறகு "அண்ணி, கொஞ்சம் வாங்களேன்" என்று தீப்பெட்டியை என்னிடம் நீட்டுவாள். ஏன் என்று நான் கேட்டதில்லை. மாமனாரும் மாமியாரும் காலமான பிறகும் அது மாறவில்லை. வருகிற வரன்களையெல்லாம் ஏதாவது ஒன்றைச் சொல்லித் தட்டிவிட்டாள். எனக்கு அதில் இருந்த துக்கம், என் சொந்தத் தங்கைக்கு வந்திருந்தாலும் அவ்வளவுதான் இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் இடியாப்பக் கடையில் நிற்பாள். அங்கே டெங்கிலிலிருந்து ஒருவர் வந்து இடியாப்பம் வாங்க ஆரம்பித்தார். செடி நாற்றுப் பண்ணை வைத்திருப்பவர், நாற்பதைத் தாண்டியவர், நல்ல பெரிய வேன் வைத்திருப்பவர். வாரா வாரம் "தேங்காப்பூ கொஞ்சம் கூட போடுங்க" என்று கேட்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள், "இவ்ளோ தேங்கா சாப்பிட்டா ஒடம்பு என்னத்துக்கு ஆகும்?" என்று கேட்டிருக்கிறாள். "கேக்கறதுக்கு வீட்ல ஆளில்லீங்க" என்றிருக்கிறார். அங்கே தொடங்கியது. பழைய விளக்குக் கதையையும் அவளே அவரிடம் சொல்லிவிட்டாள்.

நிச்சயதார்த்தத்தை விஜயதசமியன்று வைத்துக்கொண்டோம், பிரிக்பீல்ட்ஸில் ஒரு மண்டபத்தில். காலைப் பலகாரம் எங்கள் இடியாப்பம்தான் என்று அவள் ஒரே பிடியாக நின்றாள். "எங்க வீட்டு ஆவில வெந்ததுதான் அவங்க சாப்பிடணும்" என்றாள். அவள் ஆசைப்பட்டு எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. உயிரைக் கொடுத்தாவது செய்வது என்று முடிவு கட்டினேன்.

விஜயதசமிக்கு முதல் நாள் ஆயுத பூஜை. அன்றைக்குப் பாய்லருக்கு ஓய்வு. நான் காலையிலேயே பர்னரைக் கழற்றி, வடிகட்டியைக் கழுவி, கண்ணை உருவிப் பஞ்சுத்துணியால் துடைத்து, என் ஸ்பேனர்களோடு தட்டில் அடுக்கிக் கொட்டகையிலேயே சாமி படத்தின் முன் வைத்தேன். அரிசி சலிக்கிற சல்லடை, இடியாப்ப அச்சு, தராசு, கணவரின் மூக்குக்கண்ணாடி எல்லாம் வந்து சேர்ந்தன. மாப்பிள்ளையும் டெங்கிலிலிருந்து செண்டுமல்லி மாலைகளோடு வந்துவிட்டார். சும்மா நிற்க மாட்டேன் என்றார். சந்தனக் கிண்ணத்தையும் குங்குமத்தையும் அவர் கையில் கொடுத்துவிட்டு நான் சுண்டல் தாளிக்கப் போனேன்.

மனுஷர் பொட்டு வைக்காமல் ஒன்றையும் விடவில்லை. ஸ்பேனர், அச்சு, சல்லடை, தராசு, மோட்டார் சைக்கிள் தலைக்கவசம், என் கைப்பேசி, வாசலில் கிடந்த துடைப்பம்கூட. என் கணவர் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டியபோது இரண்டு பக்கமும் சந்தனம். நாங்கள் எல்லாரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். ரவாங் பெரியம்மாவும் அன்றே வந்து இறங்கியிருந்தார். "பக்தி இருக்கு பையனுக்கு" என்று தலையாட்டினார்.

மறுநாள் விடிவதற்கு முன் இறங்கிக் கொட்டகைக்குப் போனேன். மெயின் ஸ்விட்சை அணைத்து வைத்திருந்ததால் விளக்கு இல்லை. கைப்பேசி வெளிச்சத்தில் பூவை விலக்கி, ஒவ்வொன்றாக எடுத்து, பழகிய கையால் மாட்டி முடித்தேன். ஸ்விட்சைப் போட்டேன். விசிறி ஓடியது, பொறி பறந்தது, குப்பென்று தீ பிடித்தது. பார்வைத் துளை வழியாக எட்டிப் பார்த்து நான் சிரிப்பதற்குள் பொசுக்கென்று அணைந்தது. சிவப்பு விளக்கு.

ஒரு முறை அப்படி ஆகும். பட்டனை அமுக்கினேன். மறுபடி பிடித்தது, மறுபடி அணைந்தது. சும்மா சும்மா பட்டனை அமுக்கக் கூடாது என்பது பாய்லர்காரர்களின் முதல் பாடம். நிறுத்தி, பம்பில் காற்று சேர்ந்திருக்கிறதா என்று பார்த்து வெளியேற்றினேன். அணைந்தது. நாசிலைக் கழற்றிப் புதியது போட்டேன். அணைந்தது. பொறிக் கம்பிகளின் இடைவெளியை அளந்தேன், காற்றுக் கதவை மாற்றினேன். அழகாகப் பிடிக்கிறது, அணைகிறது.

என் கணவர் வாசலில் வந்து நின்றார். "கண்ணப் பாத்தியா?"

"கண்ண நேத்து நானே என் கையால தொடச்சேன். நீங்க போயி மாவப் பாருங்க."

"மாவு ரெடிம்மா. பிழிஞ்சு தட்டுல வச்சாச்சு. காய ஆரம்பிச்சிரும். கேஸ் அடுப்புல வைக்கட்டுமா?"

கேஸ் அடுப்பில் வைத்தால் ஒரு குடும்பத்துக்கு அவிக்கலாம், ஒரு மண்டபத்துக்கு அவிக்க முடியாது. அது அவருக்கும் தெரியும். நான் கத்தியிருப்பேன், அதற்குள் அவருக்குப் பின்னால் நாத்தனாரைப் பார்த்தேன். பழைய சட்டை, முந்தின நாள் வைத்த மருதாணி சிவந்த கை. அவள் கண்முன்னால்தான் தீ இன்னொரு முறை பிடித்து அணைந்தது.

"அண்ணி, அணைஞ்சு அணைஞ்சு போகுதா?"

"சின்ன ரிப்பேரு. நீ போய்க் குளி."

அவள் போகவில்லை. மூலையில் இருந்த அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தாள். முகம் வெளிறிப் போயிருந்தது. "பெரியம்மாவுக்குத் தெரிய வேணாம் அண்ணி" என்றாள். அவ்வளவு சின்னக் குரலில் அவள் பேசி நான் கேட்டதில்லை. எனக்கு அழுகையும் வந்தது, பர்னரை உதைக்க வேண்டும் போலவும் வந்தது.

அந்த நேரம் பார்த்து வேன் சத்தம். பலகாரத்தை ஏற்ற மாப்பிள்ளையே வந்துவிட்டார். நிச்சயத்தன்று காலையில் மாப்பிள்ளை வந்து பெண்ணைப் பார்க்கலாமா என்ற கேள்வியெல்லாம் அவருக்குத் தோன்றவே இல்லை, அவர் வேன்தான் பெரியது, அதனால் வந்தார். கொட்டகை வாசலில் செருப்பைக் கழற்றியவர் அவள் முகத்தைப் பார்த்தார், சிவப்பு விளக்கைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்காமலே சொன்னாள்.

"காலையிலேருந்து அணைஞ்சுகிட்டே இருக்கு."

"அணைஞ்சா என்ன லா?" என்றார் அவர், டீ ஆறிவிட்டது என்று யாரோ சொன்னதுபோல. "திரும்பப் பத்த வைப்போம். பத்துற வரைக்கும் பத்த வைப்போம். இன்னிக்கு எனக்கு வேற வேலை இல்ல."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். நான் நாசிலைத் துடைப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

படியில் தடதடவென்று சத்தம். ரவாங் பெரியம்மா. "என்னடி இது, சத்தம் கேக்குது, நிக்குது, கேக்குது, நிக்குது?"

"சர்வீஸ் பண்றேன் பெரியம்மா" என்றேன். பொய் சொல்லும்போது என் குரல் உயர்ந்துவிடும். பெரியம்மா நம்பவில்லை. சிவப்பு விளக்கையே உற்றுப் பார்த்தார். வாயைத் திறக்கப் போகிறார், அந்த வார்த்தையைச் சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரிந்தது. அவரை எந்தத் திருகு போட்டு நிறுத்துவது?

மாப்பிள்ளை பர்னரைச் சுற்றிச் சுற்றி வந்தார். "அக்கா, நேத்து தட்டுல கண்ணாட்டம் ஒண்ணு இருந்துச்சே, அது எங்க?"

"உள்ள மாட்டியிருக்கேன், தம்பி. ஏன்?"

"இல்ல, அது பாக்க அழகா இருந்துச்சு. அதான் அதுக்கு மட்டும் பெரிய பொட்டா வச்சேன்."

நான் ஸ்விட்சை அணைத்துக் கண்ணை உருவினேன். கண்ணாடிக் குமிழின் நட்டநடுவில், தாராளமாக ஒரு சந்தனப் பொட்டு, அதற்கு நடுவில் குங்குமம். காய்ந்து கெட்டியாகிக் கல்யாணப் பெண் மாதிரி என்னைப் பார்த்தது. பாவம் பர்னர், அது சொன்னது அத்தனையும் நியாயம். தீ எனக்குத் தெரியவில்லை, தெரியாமல் எண்ணெய் ஊற்ற மாட்டேன் என்று விடியற்காலையிலிருந்து கரடியாகக் கத்தியிருக்கிறது.

முதலில் சிரித்தது நாத்தனார். மூட்டைமேல் சாய்ந்து, மருதாணிக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணீர் வரச் சிரித்தாள். என் கணவர், "கண்ணப் பாத்தியான்னு கேட்டேன்" என்று ஆரம்பித்தார். முறைத்தேன். இன்றுவரைக்கும் அவர் அதை விடவில்லை. உப்புக் குறைவு என்று நான் சொன்னால்கூட, "கண்ணப் பாத்தியா" என்கிறார்.

"ஐயோ அக்கா, என்னாலயா?" என்று மாப்பிள்ளை தலையில் கை வைத்துக்கொண்டார். நான் துணியை எடுத்துப் பொட்டைத் துடைக்கப் போனேன்.

"அடியே, நில்லு!" என்றார் பெரியம்மா. "பூஜைப் பொட்டு. துணியில தொடச்சுக் கீழ போட்டுறாத."

"பின்ன என்ன பெரியம்மா செய்யிறது? இதுக்குக் கண் தெரிஞ்சாத்தான் தீ நிக்கும்."

பெரியம்மா கொஞ்சம் யோசித்தார். பிறகு விரலைத் தண்ணீரில் நனைத்து, அந்தச் சின்னக் கண்ணாடியிலிருந்து சந்தனத்தைப் பதமாக வழித்தார். நாத்தனாரிடம் போய், அவள் நெற்றியில் வைத்தார். "டீசல் நாத்தம் அடிக்குது" என்று முகத்தைச் சுளித்தார். ஆனால் கையை உடனே எடுக்கவில்லை, அவள் கன்னத்தில் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். அந்தப் பழைய நாளை அவரும் மறக்கவில்லை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

கண்ணை நன்றாகத் துடைத்து மாட்டினேன். விசிறி, பொறி, தீ. நின்றது. எல்லாரும் பார்வைத் துளைக்கு முண்டியடித்தார்கள். காலையில் நான் பதற்றத்தில் திருகியதையெல்லாம் சரிசெய்ய வேண்டியிருந்தது. தீ வெளுத்துப் பறந்துகொண்டிருந்ததால் காற்றுக் கதவை நெல்லளவு மூடினேன், இன்னும் நெல்லளவு. மஞ்சள் திரண்டு வந்தது, உறுமல் ஒரே சீராக இறங்கியது. காகிதத்தில் புகையை இழுத்துப் பார்த்தேன். விழுந்தும் விழாததுமாக ஒரு நிழல். அதை மாப்பிள்ளை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

ஆவி ஏறியது. தட்டுகள் ஆவிப் பெட்டிக்குள் போயின, வெள்ளை வெளேரென்று வெளியே வந்தன. காய்ந்த விளிம்புகளைக் கிள்ளிப் போட்டுவிட்டு மறுபடி பிழிந்தார் என் கணவர். நாத்தனாரைக் குளிக்க விரட்டினோம். மாப்பிள்ளை கூடைகளை வேனில் ஏற்றினார். போகிற வழியெல்லாம் வேன் பூராவும் இடியாப்பத்தோடு அவித்த பாண்டான் இலை வாசனையும் சூடும். நான் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு, நகக்கண்ணில் கரியோடு, உலகத்திலேயே சந்தோஷமானவளாக முன்சீட்டில் உட்கார்ந்திருந்தேன்.

மண்டபத்தில் இடியாப்பம் பறந்தது. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் தேங்காய்ப்பூவை மட்டும் தனியாக மூன்றாம் முறை கேட்டபோது, இந்தக் குணம் பரம்பரை என்று தெரிந்துகொண்டேன். பிறகு தட்டு மாற்ற எல்லாரும் உட்கார்ந்தார்கள். வழக்கம்போல நாத்தனார் தீப்பெட்டியை என்னிடம் நீட்டினாள். நான் குத்துவிளக்கை ஏற்றிவிட்டு வந்து நின்றேன்.

கூட்டத்துக்கு வேர்க்கிறதே என்று மண்டபக்காரர் நல்ல எண்ணத்தில் ஒரு பெரிய விசிறியை உருட்டிக்கொண்டு வந்து ஸ்விட்சைப் போட்டார். ஐந்து முகமும் ஒன்றாகப் படுத்து, அணைந்தன.

பெரியம்மாவின் கை நெஞ்சுக்குப் போவதை நான் பார்த்தேன். மாப்பிள்ளை எழுந்திருக்கப் போனார். அதற்கு முன்னால் அவள் எழுந்துவிட்டாள். பட்டுப்புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எல்லார் முன்னாலும் நடந்து என்னிடம் வந்து கையை நீட்டினாள். தீப்பெட்டியைக் கொடுத்தேன்.

"அண்ணி," என்றாள், கடைசி வரிசைவரை கேட்கிற மாதிரி, "காத்து கொஞ்சம் அதிகம். அந்த ஃபேனத் திருப்புங்க."

நான் ஓடிப்போய்த் திருப்பினேன். அவள் குனிந்து குச்சியை உரசினாள். ஒரு முகம், இரண்டாவது, மூன்றாவது. ஐந்தையும் ஏற்றிவிட்டு, உடனே நிமிராமல், அது நிற்கிறதா என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். நின்றது.

பெரியம்மா நெஞ்சிலிருந்து கையை எடுத்து, வெற்றிலைத் தட்டைத் தூக்கினார். "வாங்க மாப்பிள்ளை, நேரமாச்சு" என்றார்.